பிராகில் ஒரு நிலவறை: முதல்முறை போகிறவர்களுக்கு

பிராக் போகிறவர்கள் அநேகமாக எல்லாரும் சார்லஸ் பாலத்தில் நடக்கிறார்கள், பழைய நகரச் சதுக்கத்தில் கடிகாரம் மணி அடிப்பதை அண்ணாந்து பார்க்கிறார்கள், கோட்டைக்கு ஏறி இறங்குகிறார்கள். நேரம் மிச்சமிருந்தால் வல்தாவா ஆற்றங்கரையில் இடுப்பை வளைத்து நிற்கும் 'நடனமாடும் வீடு' முன்னால் ஒரு படம். அந்த வீட்டுக்குப் பக்கவாட்டில் மேடாக ஏறும் தெருவில் மூன்று நிமிடம் நடந்தால் ஒரு தேவாலயம் வரும். அதன் சுவரில் 1942 ஜூன் 18 அன்று பாய்ந்த துப்பாக்கிக் குண்டுகளின் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தச் சுவருக்கு உள்ளே இருக்கும் நிலவறைதான் இந்தக் கட்டுரை.

தேவாலயத்தின் பெயர் புனித சிரில், மெத்தோடியஸ் ஆலயம். நாஜி ஆட்சியாளர் ஹெய்ட்ரிக்கைக் கொன்ற பாராசூட் வீரர்கள் ஒளிந்திருந்ததும், சுற்றி வளைக்கப்பட்டு உயிர் விட்டதும் இங்கேதான். இன்று அது தேசிய நினைவிடம். இடம் சின்னது. வேகமாகப் பார்த்தால் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம், பலர் அப்படித்தான் வருகிறார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் வந்தேன். அப்புறம் இரண்டாம் முறை ஒன்றரை நாள் ஒதுக்கி, நடந்த வரிசையிலேயே இடங்களைப் பார்த்தபோதுதான் முதல்முறை எதைப் பார்க்காமல் விட்டேன் என்று புரிந்தது.

முதலில் கதை

கதை தெரியாமல் போனால் அந்த நிலவறை ஈரமான ஒரு கல்லறைதான். உள்ளே விளக்கப் பலகைகள் செக்கிலும் ஆங்கிலத்திலும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் நின்று படித்துக்கொண்டிருந்தால் இடத்தைப் பார்க்க முடியாது. அதனால் முந்தின நாள் இரவே கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். சுருக்கமாக நானே சொல்லிவிடுகிறேன்.

செக் நிலப்பகுதியை ஜெர்மனி 1939 மார்ச்சில் பிடித்துக்கொண்டது. 1941 செப்டம்பர் கடைசியில் அதை ஆள வந்தவர் ரெய்ன்ஹார்ட் ஹெய்ட்ரிக். வந்த கையோடு இராணுவச் சட்டம் போட்டார். முதல் சில வாரங்களிலேயே நூற்றுக்கணக்கானவர்களுக்கு மரண தண்டனை. ஐரோப்பிய யூதர்களை அழித்தொழிக்கும் வேலையை ஒருங்கிணைக்க 1942 ஜனவரி 20 அன்று பெர்லினை ஒட்டிய வான்சேயில் கூடிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியதும் இதே ஆள்தான்.

லண்டனில் இருந்த நாடுகடந்த செக்கோஸ்லோவாக்கிய அரசு அவரைத் தீர்த்துக்கட்டுவது என்று முடிவு செய்தது. பிரிட்டன் பயிற்சி கொடுத்தது. நடவடிக்கைக்கு வைத்த பெயர் ஆந்த்ரபாய்ட். ஸ்லோவாக்கியரான யோசெஃப் கப்ச்சீக், மொராவியாவைச் சேர்ந்த யான் குபிஷ் என்ற இருவரும் 1941 டிசம்பர் 28 இரவு பிரிட்டிஷ் ஹாலிஃபாக்ஸ் விமானத்தில் கிளம்பினார்கள். இறங்க வேண்டியது மேற்கே பில்சென் பக்கம். இறங்கியதோ பிராகுக்குக் கிழக்கே நெஹ்விஸ்தி என்ற ஊர் அருகில். குதித்ததில் கப்ச்சீக்குக்குக் காலில் அடிபட்டது. ஊரும் வேறு, காலும் சரியில்லை, உறைபனி வேறு. அந்த நிலையில் அவர்களைக் கண்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய், சோறு போட்டு, வேறு வீட்டுக்கு மாற்றி, ஐந்து மாதம் காப்பாற்றியவர்கள் சாதாரணக் குடும்பங்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1942 மே 27. ஊருக்கு வடக்கே இருந்த மாளிகையிலிருந்து கோட்டைக்குத் திறந்த மெர்சிடிஸ் காரில் ஹெய்ட்ரிக் வந்துகொண்டிருந்தார். லிபென் பகுதியில் ஒரு கூர்மையான வளைவு. எந்த வண்டியும் அங்கே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மேலே நின்ற இன்னொரு பாராசூட் வீரர் யோசெஃப் வல்ச்சீக் முகம் பார்க்கும் கண்ணாடியால் சைகை காட்டினார். கார் திரும்பியதும் கப்ச்சீக் ஸ்டென் துப்பாக்கியை நீட்டினார். சுடவில்லை, அடைத்துக்கொண்டது. அந்த நொடியில் ஓட்டுநர் வேகமெடுத்துப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஹெய்ட்ரிக்கோ காரை நிறுத்தச் சொல்லிக் கைத்துப்பாக்கியோடு எழுந்தார். குபிஷ் குண்டை எறிந்தார். அது பின்சக்கரத்துப் பக்கம் வெடித்தது. காரின் உலோகத் துண்டும் இருக்கைத் திணிப்பும் ஹெய்ட்ரிக்கின் உடம்பில் ஏறின. காயத்தில் சீழ் பிடித்து ஜூன் 4 அன்று இறந்தார்.

ஓடிய வீரர்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம்தான் இந்தத் தேவாலயத்தின் நிலவறை. வேறு குழுக்களில் குதித்திருந்தவர்களும் சேர்ந்து மொத்தம் ஏழு பேர். ஜெர்மானியர்கள் 1 கோடி கிரவுன் பரிசு அறிவித்தார்கள். கைப்பற்றிய சைக்கிள், கைப்பை போன்றவற்றை வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் பாட்டா கடைக் கண்ணாடிக்குள் வைத்து, யாருடையது சொல் என்று ஊரைக் கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை. ஜூன் 16 அன்று கரெல் சுர்தா என்பவர் தானாகவே நாஜி இரகசியப் போலீஸான கெஸ்டபோவின் அலுவலகத்துக்குப் போய்ப் பேசினார். அவரும் லண்டனிலிருந்து குதித்த பாராசூட் வீரர்தான். தேவாலயம் அவருக்குத் தெரியாது, ஆனால் அடைக்கலம் கொடுத்த வீடுகள் தெரியும். அந்த வீடுகள் வழியாகத் தேவாலயம் தெரிந்தது.

கதை போதும். இனிப் பயணம்.

எந்த வரிசையில் பார்ப்பது

வழக்கமாக எல்லாரும் நேரே தேவாலயத்துக்குப் போய்விடுகிறார்கள். என் யோசனை: முதலில் லிபென் வளைவு, அடுத்து தேவாலயம், மறுநாள் லிடிட்சே கிராமம். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் காலையில் வளைவு, பகலில் தேவாலயம். இரண்டு மணி நேரம்தான் என்றால் தேவாலயம் மட்டும். அப்படியானால் நடனமாடும் வீட்டுப் படத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதை முதலில் வைத்தவர்கள் மேட்டுத் தெரு ஏறுவதே இல்லை.

திங்கட்கிழமை வேண்டாம். நினைவிடம் அன்று மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருப்பது வழக்கம். நுழைவுக் கட்டணம் இல்லை. நடத்துவது பிராகிலுள்ள இராணுவ வரலாற்று நிறுவனம். விடுமுறை நாட்களில் நேரம் மாறக்கூடும், கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஜூன் 18 அன்று அங்கே ஆண்டு நினைவு நிகழ்ச்சி நடக்கும். மலர்மாலை, இராணுவ அணிவகுப்பு என்று கூட்டமாக இருக்கும். அந்தச் சூழல் வேண்டுமென்றால் அன்று போகலாம். நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் வேறு ஏதாவது வாரநாள் காலை நல்லது.

வளைவு

மெட்ரோ சி தடம், சிவப்பு நிறம். கோபிலிசி நிலையத்தில் இறங்கி, புலோவ்கா பக்கம் இறங்கும் டிராமைப் பிடியுங்கள். விகோவாட்டெல்னா என்ற நிறுத்தம். பயணச்சீட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன்: காகிதச் சீட்டு வாங்கினால் மட்டும் போதாது, மஞ்சள் நிற இயந்திரத்தில் செருகி முத்திரை விழ வைக்க வேண்டும். மெட்ரோவில் நுழைவிலேயே அந்த இயந்திரம் நிற்கும், டிராமில் வண்டிக்குள் இருக்கும். தடுப்புக் கதவு எதுவும் இல்லாததால் மறந்துவிடுவது சுலபம். சாதாரண உடையில் பரிசோதகர்கள் வருவார்கள், சீட்டு இருக்கிறது ஆனால் முத்திரை இல்லை என்ற கதை அவர்களிடம் எடுபடாது. ஒரு சீட்டுக்குள்ள நேரம் முடியும்வரை மெட்ரோ, டிராம், பேருந்து எதில் வேண்டுமானாலும் மாறி ஏறலாம்.

நிறுத்தத்தில் இறங்கியதும் ஏமாற்றம்தான் வரும். பழைய கொண்டை ஊசி வளைவு இப்போது இல்லை. சாலைகளை மாற்றியமைத்துவிட்டார்கள், பெரிய வாகனங்கள் சீறிப் போகின்றன. சாலையோரம் ஒரு முக்கோணத் தூண், அதன் உச்சியில் கைகளை விரித்து நிற்கும் மூன்று உருவங்கள். 2009 மே 27 அன்று திறந்தார்கள். அதாவது சம்பவம் நடந்து 67 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் வந்திருக்கிறது. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில், லண்டனிலிருந்து வந்து குதித்தவர்களைக் கொண்டாட அரசுக்கு விருப்பம் இருக்கவில்லை.

பார்க்க அதிகமில்லை என்றாலும் போகச் சொல்வது ஏன் என்றால், நிலத்தின் சரிவைக் காலால் உணர வேண்டும். வடக்கே மேட்டிலிருந்து சாலை இறங்குகிறது. மேலே ஒருவர் கண்ணாடியோடு, கீழே இருவர் டிராமுக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றிருக்கிறார்கள். நிஜமாகவே டிராம்கள் வந்துபோய்க்கொண்டிருந்தன. குண்டு வெடித்தபோது டிராமில் இருந்தவர்களுக்கும் கண்ணாடிச் சில்லு பட்டது. ஒரு சாதாரண வேலைநாள் காலை. பக்கத்துத் தெருப் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள்: கப்ச்சீக் தெரு, குபிஷ் தெரு, வல்ச்சீக் தெரு. அதே டிராம் தடத்தில் கீழே இறங்கினால் புலோவ்கா மருத்துவமனை வரும். ஹெய்ட்ரிக்கைக் கொண்டுபோனது அங்கேதான். அடிபட்ட இடத்துக்கு அவ்வளவு பக்கம்.

இந்தப் பகுதியில் இன்னொரு கதையும் உண்டு. குபிஷ் முகத்தில் இரத்தம் வழிய சைக்கிளில் தப்பி வந்து, லிபெனில் ஒரு பாட்டா கடை வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு நோவாக் குடும்பத்து வீட்டுக்குள் போனார். அந்த வீட்டுப் பெண் யிந்த்ரிஷ்கா, வயது 14, போய் அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு சிறுமி சைக்கிளை எடுத்துப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அந்த வயதுப் பெண்களையெல்லாம் வரவழைத்து நிறுத்தி அடையாளம் காணச் சொன்னது கெஸ்டபோ. அப்போது அவள் அகப்படவில்லை. ஆனால் சுர்தாவின் துரோகத்துக்குப் பிறகு குடும்பமே பிடிபட்டது. 1942 அக்டோபர் 24 அன்று மவுத்ஹவுசன் என்ற நாஜி வதைமுகாமில் அவளையும் கொன்றார்கள்.

தேவாலயத்தைக் கண்டுபிடிப்பது

இதில் ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்தது. பிராகில் புனித சிரில், மெத்தோடியஸ் பெயரில் இரண்டு தேவாலயங்கள் உண்டு. ஒன்று கார்லின் பகுதியில் உள்ள பெரிய கத்தோலிக்க ஆலயம். இரண்டு கோபுரம், முன்னால் மரங்கள் சூழ்ந்த சதுக்கம். அழகான இடம்தான், ஆனால் நமக்கு வேண்டியது அது இல்லை. கைபேசி வரைபடத்தில் பெயரைத் தட்டி, முதலில் வந்ததை நம்பிப் போய், அந்த ஆலயத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் குண்டுத் தழும்பு தேடினேன். அங்கே நாயோடு உலாவிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நான் எதைத் தேடுகிறேன் என்று பார்த்ததுமே புரிந்துகொண்டார். வாய் திறக்காமல் மெட்ரோ பக்கம் கையைக் காட்டினார். என்னைப் போல நிறையப் பேரைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

நமக்கு வேண்டியது ஆர்த்தடாக்ஸ் ஆலயம். முகவரி ரெஸ்லோவா தெரு. தெருப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், ஆலயப் பெயரை அல்ல. மெட்ரோ பி தடம், மஞ்சள் நிறம், நிலையம் கார்லோவோ நாம்யெஸ்தி. அந்தப் பெயருக்கு சார்லஸ் சதுக்கம் என்று பொருள். சார்லஸ் பாலத்துக்கும் இதற்கும் தூரம் அதிகம், குழப்பிக்கொள்ள வேண்டாம். சதுக்கத்துப் பக்கம் வெளியேறி, ஆற்றை நோக்கிச் சரிவாக இறங்கும் பெரிய தெருவைப் பிடியுங்கள். வண்டிகள் இடைவிடாமல் போகும் தெரு. சற்று இறங்கியதும் எதிரெதிராக இரண்டு பழைய தேவாலயங்கள் நிற்கும். எந்தச் சுவரில் குண்டுத் துளையும் பூக்களும் இருக்கின்றனவோ, அதுதான்.

வெளிச்சுவர்

உள்ளே போகும் அவசரத்தில் சுவரைத் தாண்டிவிடாதீர்கள். நடைபாதையைப் பார்த்த சுவரில் கல்லுக்கு நடுவே குறுகலான ஒரு திறப்பு. நிலவறையின் காற்றுப் போக்கி அது. அந்தக் கட்டிடத்தின் மற்ற சன்னல்களோடு ஒப்பிட்டால் ஒரு பிளவு என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் சுற்றிக் கல்லெல்லாம் அம்மை வடுப் போல. மேலே 1947இல் வைத்த நினைவுப் பலகை. ஒரு பக்கம் பாராசூட் வீரர் உருவம், இன்னொரு பக்கம் பாதிரியார் உருவம். கீழே எப்போதும் யாராவது வைத்துவிட்டுப் போன மெழுகுவர்த்தி, மலர்வளையம், செக், ஸ்லோவாக் கொடி நிற நாடா.

இந்தத் திறப்பு வழியாகத்தான் தீயணைப்புக் குழாயைச் செருகி நிலவறைக்குள் தண்ணீர் விட்டார்கள். பிராக் தீயணைப்புப் படையினரையே கட்டாயப்படுத்தி அந்த வேலையைச் செய்ய வைத்தார்கள். கண்ணீர்ப் புகைக் குண்டும் உள்ளே போட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒரு ஏணியை வைத்துக் குழாயை வெளியே தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். எதிர்ப் பக்க நடைபாதையில் நின்று ஒருமுறை பாருங்கள். அதே இடத்தில்தான் ஜெர்மானியர் நின்று சுட்டார்கள். தெருவின் அகலம் எவ்வளவு குறைவு என்று அப்போதுதான் தெரியும்.

உள்ளே

ஆலயத்துப் படிக்கட்டின் கீழ்ப்பக்கம், தெருவிலிருந்தே நினைவிடத்துக்குத் தனி வாசல். மேலே இருக்கும் ஆலயம் இன்றும் வழிபாடு நடக்கும் இடம். எப்போதும் பார்வைக்குத் திறந்திருக்காது. பாட்டுச் சத்தம் கேட்டால் வழிபாடு நடக்கிறது என்று அர்த்தம், அப்போது மேலே கேமராவோடு நுழையாதீர்கள்.

வெயில் காலத்திலும் மேல்சட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நிலவறை சில்லென்று இருக்கும். நுழைந்ததும் காவலரிடம் 'தொப்ரீ தென்' என்று சொல்லுங்கள், வணக்கம் என்று அர்த்தம். செக்காரர்கள் சிரிக்காமல்தான் பதில் சொல்வார்கள், அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய பையைச் சுமந்து போகாதீர்கள், உள்ளே இடம் குறைவு. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஏதாவது உள்ளே இருந்தால் வெளியே பத்து நிமிடம் காத்திருங்கள். அவர்கள் போன பிறகு கிடைக்கும் அமைதிக்கு அந்தப் பத்து நிமிடம் தகும்.

முதல் அறை கண்காட்சி. ஹெய்ட்ரிக் வந்தது, வீரர்களின் பயிற்சி, மே 27, அதன் பின்விளைவு எல்லாம் வரிசையாக இருக்கும். நீங்கள் முந்தின நாளே படித்திருந்தால் இங்கே படங்களை மட்டும் பார்த்தால் போதும். குறிப்பாக வீரர்களின் முகங்கள். பெரும்பாலும் முப்பதைத் தொடாத பையன்கள்.

அங்கிருந்து ஓர் இரும்புக் கதவு. அதைத் தாண்டினால் நிலவறை. நீளமான, வளைந்த கூரை கொண்ட அறை. 18ஆம் நூற்றாண்டில் ஆலயம் கட்டியபோது பாதிரியார்களைப் புதைக்க ஆன இடம். இரு பக்கச் சுவரிலும் சவப்பெட்டியைத் தள்ளிவைக்கும் ஆழமான மாடங்கள். வீரர்கள் படுத்துத் தூங்கியது அந்த மாடங்களில். இப்போது ஏழு பேரின் வெண்கல மார்பளவுச் சிலைகள் அங்கே இருக்கின்றன: ஒபால்கா, கப்ச்சீக், குபிஷ், வல்ச்சீக், புப்லீக், ஹ்ரூபி, ஷ்வார்ட்ஸ்.

உள்ளே மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, நீங்கள் வெளியே பார்த்த அதே திறப்பு. உள்ளிருந்து பார்த்தால் உயரத்தில், வெளிச்சக் கீற்றாகத் தெரியும். தெருவில் வண்டிகள் போகும் சத்தம் அதன் வழியாக வரும். இரண்டு, சுவரில் தோண்டிய பள்ளம். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே, கழிவுநீர்க் கால்வாயை எட்டிவிடலாம் என்று அவர்கள் தோண்டிய இடம். எட்டவில்லை. மூன்று, மேலே ஆலயத்திலிருந்து இறங்கும் பழைய படிக்கட்டு. அதன் வாயைப் பெரிய கற்பலகை மூடியிருந்தது. ஜெர்மானியர்கள் கடைசியில் அந்தக் கல்லைத் தகர்த்துத்தான் உள்ளே இறங்கப் பார்த்தார்கள்.

அன்று நடந்ததை அங்கே நின்றபடி நினைத்துப் பாருங்கள். விடிகாலை 4 மணி வாக்கில் நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்எஸ்ஸின் நூற்றுக்கணக்கான ஆட்கள் சுற்றி வளைத்தார்கள். மூன்று பேர் மேலே ஆலயத்தின் பாடகர் மாடத்தில் காவலிருந்தார்கள், அவர்களில் ஒபால்காவும் குபிஷும் உண்டு. அவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். கீழே இன்னும் ஆட்கள் இருப்பது ஜெர்மானியர்களுக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. நிலவறையில் இருந்த நான்கு பேரும் குண்டு தீரும்வரை நின்றார்கள். கடைசிக் குண்டைத் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். ஒருவரும் உயிரோடு பிடிபட்டு விசாரணைக்குப் போகவில்லை.

படம் எடுப்பதற்கான விதி வாசலில் எழுதியிருக்கும், அதன்படி நடந்துகொள்ளுங்கள். சிலைகளுக்கு நடுவில் நின்று விரலை உயர்த்தி செல்ஃபி எடுத்தவர்களைப் பார்த்தேன். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் எடுத்து முடித்ததும் அவர்களே கொஞ்சம் கூச்சத்தோடு கலைந்தார்கள்.

சிறு குழந்தைகளோடு போகலாமா என்று கேட்பீர்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் கூட்டிப் போகலாம் என்பது என் எண்ணம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த இருட்டும் மாடங்களும் இரவில் கனவில் வரும்.

பெயர்ப்பட்டியல்

ஏழு பேர் நினைவிடம் என்று நினைத்துப் போனால் ஏழு பேரை மட்டும்தான் பார்ப்பீர்கள். முதல்முறை நான் செய்த தப்பு அதுதான். அடைக்கலம் கொடுத்ததற்காகவும், உறவினர் என்பதற்காகவும் மவுத்ஹவுசனில் கொல்லப்பட்டவர்கள் 294 பேர். நெஹ்விஸ்தியில் முதல் கதவு திறந்ததிலிருந்து அந்தப் பட்டியல் தொடங்குகிறது. ஷிஷ்கோவ் பகுதியில் வீரர்களுக்கு அம்மா போல் இருந்த மரியா மொராவ்ட்சோவா, கெஸ்டபோ கதவைத் தட்டிய காலையில் விஷம் குடித்து இறந்தார். அவர் மகனைச் சித்திரவதை செய்துதான் தேவாலயத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பையனைக் குறை சொல்லும் ஒரு செக்காரரைக்கூட நான் சந்திக்கவில்லை. சுர்தாவைப் பற்றிக் கேட்டால் முகம் மாறும். அவரைப் போருக்குப் பின் 1947இல் தூக்கிலிட்டார்கள்.

ஆலயத்துக்காரர்கள் கதையும் இங்கேதான் வருகிறது. உணவும் சேதியும் கொண்டுவந்து கொடுத்தவர் விளாதிமீர் பெத்ரெக் என்ற பாதிரியார். ஆயர் கொராஸ்டுக்கு விஷயம் பின்னால்தான் தெரியவந்தது. தெரிந்த பிறகு அவர் விலகிக்கொள்ளவில்லை. எல்லாம் முடிந்ததும், தன் திருச்சபையைக் காப்பாற்ற, பொறுப்பு என்னுடையது, என்ன தண்டனையும் ஏற்கிறேன் என்று அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். 1942 செப்டம்பர் 4 அன்று கோபிலிசி துப்பாக்கிப் பயிற்சித் திடலில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். திருச்சபையையும் தடை செய்தார்கள். பிற்காலத்தில் ஆர்த்தடாக்ஸ் சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அந்தத் திடலும் இப்போது நினைவிடம்தான். லாத்வி மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு புல்வெளி, மண்மேடு, சிலுவை, பெயர்கள். வளைவைப் பார்க்கப் போகும் காலையில் அதே சி தடத்தில் ஒரு நிலையம் தள்ளிப் போனால் இதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

மறுநாள்: லிடிட்சே

ஹெய்ட்ரிக் செத்ததற்குப் பழிவாங்க ஒரு கிராமத்தையே அழித்தார்கள். வீரர்களுக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு இருந்ததாக எந்த ஆதாரமும் இல்லை. 1942 ஜூன் 10 அன்று, ஹோராக் என்பவரின் பண்ணைச் சுவரோரம் 173 ஆண்களைச் சுட்டார்கள். பெண்களை ராவன்ஸ்ப்ரூக் முகாமுக்கு அனுப்பினார்கள். 82 குழந்தைகளை போலந்தில் இருந்த செல்ம்னோ முகாமில் நச்சுப்புகையால் கொன்றார்கள். வீடு, பள்ளி, தேவாலயம், கல்லறை வரை இடித்து நிரவினார்கள்.

பிராகிலிருந்து வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டர். மெட்ரோ ஏ தடத்தில் நாத்ரஷி வெலெஸ்லாவீன் நிலையத்துக்குப் போய், வெளியே க்ளாட்னோ போகும் பேருந்தில் ஏறினால் அரை மணி நேரப் பயணம். லிடிட்சே என்று ஓட்டுநரிடம் சொல்லுங்கள், எல்லாப் பேருந்தும் அங்கே நிற்காது. முன்வாசலில்தான் ஏற வேண்டும், சீட்டை ஓட்டுநரிடமே வாங்கலாம்.

அங்கே அருங்காட்சியகம் உண்டு, போருக்குப் பின் 1955இல் உருவான ரோஜாத் தோட்டம் உண்டு. ஆனால் கிராமம் இருந்த இடம் வெறும் பள்ளத்தாக்கு. பச்சைப் புல், ஒரு ஓடை, ஹோராக் பண்ணையின் அடித்தளக் கற்கள். அவ்வளவுதான். சரிவில் 82 குழந்தைகளின் வெண்கலச் சிலைகள் ஒன்றாக நிற்கின்றன, 42 பெண் குழந்தைகள், 40 ஆண் குழந்தைகள். சிற்பி மரியா உஹிதிலோவா இருபது ஆண்டுகளாக அதில் உழைத்தார். முடிந்து நிறுவப்பட்டதைப் பார்க்கும் முன்பே 1989இல் இறந்துவிட்டார், மீதியை அவர் கணவர் முடித்தார். குழந்தைகளின் காலடியில் யாராவது பொம்மை வைத்திருப்பார்கள். மழைக் காலமானால் அந்தப் பொம்மைகள் நனைந்து கிடக்கும்.

ஹெய்ட்ரிக்கைக் கொன்றதால்தானே இவ்வளவு பேர் செத்தார்கள் என்ற கேள்வி இங்கே நிற்கும்போது வரும். செக்காரர்களுக்குள்ளேயே அது பழைய விவாதம். கொலைக்குப் பிறகு, 1942 ஆகஸ்டில், செக் எல்லைப் பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்த மியூனிக் உடன்பாட்டை பிரிட்டன் கைவிட்டது. நாடு திரும்பக் கிடைத்ததே இதனால்தான் என்பார்கள் ஒரு பக்கத்தார். மொராவ்ட்சோவா போன்றவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடைக்கலம் கொடுத்தால் தண்டனை மரணம், குடும்பத்தோடு மரணம் என்று ஊரெல்லாம் அறிவித்த பிறகும் அவர்கள் கதவை மூடவில்லை. நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன்.

லிடிட்சேயில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கால் வலிக்காத செருப்பு, தண்ணீர், குளிர்காலம் என்றால் தொப்பி அவசியம். பள்ளத்தாக்கில் காற்றுக்கு மறைப்பு கிடையாது. திரும்பும்போது நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு, இறங்கிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். இறங்கிய பக்கமே நின்று வந்த வண்டியில் ஏறினால் க்ளாட்னோ போய்ச் சேருவீர்கள்.